மலைக்குளிரில் பின்ச் வளர்ப்பு: நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குஞ்சு எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

தானியம் தின்னும் சிறு கூண்டுக் குருவியான ஜீப்ரா பின்ச்சை முட்டையிட வைக்க யாரும் பாடுபட வேண்டியதில்லை. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ நல்ல வயதுள்ள ஒரு ஜோடிக்குக் கூண்டில் ஒரு கூடையைக் கட்டிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் முட்டை இருக்கும். அதே ஜோடி ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ வந்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. முட்டை வரும், பொரிக்காது. பொரித்தாலும் ஒன்பதாம் நாள், பத்தாம் நாள் காலையில் குஞ்சுகள் விறைத்துக் கிடக்கும். இல்லையென்றால் பெட்டை முட்டையை வெளியே தள்ள முடியாமல் தரையில் உப்பிப்போய் உட்கார்ந்திருக்கும். மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ராத்திரிக் குளிரும் ஈரமும். தீனியும் கூடும் எல்லா ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றே. குளிரைச் சமாளிப்பதும், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் நிறுத்துவது என்பதும் மலைக்காரர்கள் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியவை. அதனால் அவற்றுக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

எந்தப் பறவை

முதல் வருடம் ஜீப்ரா பின்ச் அல்லது பெங்காலீஸ், இரண்டில் ஒன்று போதும். ஜீப்ரா ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிப் பறவை. மழை பெய்து புல் பால்பிடித்துக் கதிர் வந்தால் உடனே கூடு கட்டிவிடும் இயல்புடையது. பெங்காலீஸ் காட்டில் கிடையாது. வெண்முதுகுச் சில்லை என்ற காட்டுக் குருவியிலிருந்து ஜப்பானில் பல தலைமுறைகளாக வளர்த்து உருவாக்கிய கூண்டுப் பறவை அது. அமைதியானது, அடுத்த பறவையின் முட்டையையும் அடைகாக்கும், குஞ்சையும் ஊட்டி வளர்க்கும். கோல்டியன் பின்ச்சின் நிறத்தைப் பார்த்து மயங்காதவர் இல்லை. ஆனால் 2,000 மீட்டருக்கு மேல் முதல் வருடமே அதை வாங்குவது வேண்டாம். குஞ்சுகளின் மேல் இரவில் உட்கார்ந்து சூடு கொடுப்பதை அது சீக்கிரமே நிறுத்திவிடும். ஊட்டியின் இரவுக்கு அது தாங்காது.

தேயிலைத் தோட்ட ஓரங்களிலும் புல்மேடுகளிலும் கூட்டமாகப் பறக்கும் சில்லைகளைப் பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தையில் யாராவது சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை என்று விற்றாலும் வாங்கக் கூடாது. ஜாவா குருவி வெளிநாட்டுப் பறவைதான் என்றாலும், சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால் அதை வைத்திருப்பவர்கள் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜீப்ராவுக்கும் பெங்காலீஸுக்கும் அந்தச் சிக்கல் இல்லை.

காலம்

ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் கனமானது. டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் போன்ற பள்ளமான இடங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தால் எல்லா மலை ஊருக்கும் பொதுவாகக் கிடைப்பது பிப்ரவரி கடைசியிலிருந்து மே கடைசி வரை. அந்த மூன்று மாதத்தில் நிதானமாக இரண்டு செட்டுக் குஞ்சு எடுக்கலாம். புதியவர்களுக்கு அதுவே போதும். கோத்தகிரியிலும் கொடைக்கானலிலும் ஆகஸ்ட், செப்டம்பரில் ஒரு செட்டு கூடுதலாக எடுப்பவர்கள் உண்டு. அவர்களும் வருடத்துக்கு மூன்றைத் தாண்டுவதில்லை.

பறவை வாங்குவதையும் இதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். 30 டிகிரியில் பழகிய பறவையை டிசம்பரில் மேட்டுப்பாளையத்திலிருந்து ஏற்றிவந்தால், மூன்று மணி நேரத்தில் அது 10 டிகிரிக்கு வந்துவிடுகிறது. பாதி ஒரு வாரத்தில் போய்விடும். மார்ச், ஏப்ரலில் வாங்குங்கள். முதல் 30 நாள் வீட்டுக்குள் தனிக் கூண்டில் வைத்து எச்சம், மூச்சு, எடை எல்லாம் பார்த்த பிறகு பெரிய கூண்டுக்கு மாற்றுங்கள். அந்த வருடம் முழுக்கப் பழகட்டும், அடுத்த பிப்ரவரியில் ஜோடி சேர்க்கலாம். ஒரு வருடம் காத்திருப்பது கடினம்தான். ஆனால் மலையிலேயே ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய பறவையின் குஞ்சு பிழைக்கும் அளவுக்குப் புதிதாக வந்ததன் குஞ்சு பிழைப்பதில்லை. அவசரமென்றால், மலையிலேயே வளர்ப்பவரிடமிருந்து இளம் பறவைகளை வாங்குவதே நேர்வழி.

கூண்டு

மூன்று ஜோடிக்கு நீளம் ஆறடி, அகலம் மூன்றடி, உயரம் ஆறரை அடி. ஒரே கூண்டில் ஒரு ஜோடி இருக்கலாம், மூன்றோ அதற்கு மேலோ இருக்கலாம், இரண்டு மட்டும் கூடாது. இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தால் நாள் முழுக்க ஒன்றையொன்று துரத்திக்கொண்டே இருக்கும். மூன்று இருந்தால் சண்டை பிரிந்து தணிந்துவிடும். ஜோடியில்லாத ஒற்றைச் சேவலையும் விட்டு வைக்க வேண்டாம், எல்லாக் கூட்டிலும் போய்த் தலையிடும். லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிகளைப் பின்ச்சோடு சேர்த்து வைக்கவே கூடாது. பின்ச்சின் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும்.

கம்பிவலை அரை இஞ்ச் வெல்டு மெஷ்ஷாக இருக்க வேண்டும். கோழி வலை வேண்டாம், அதில் எலியும் நுழையும், பின்ச்சும் தப்பிக்கும். அரை இஞ்சிலும் சுண்டெலிக் குட்டி நுழைந்துவிடுவதால், தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கால் இஞ்ச் வலையை மேலே இன்னொரு அடுக்காக அடியுங்கள். மண்தரையென்றால் வலையை ஓரடி ஆழம் புதையுங்கள். புது வலையில் துத்தநாகப் பூச்சு திரிதிரியாக ஒட்டியிருக்கும். பறவை அதைக் கொத்தித் தின்றால் விஷம். வினிகர் கலந்த தண்ணீரால் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவிட்ட பிறகே பறவையை விடுங்கள்.

கூண்டின் திறந்த முகம் கிழக்கு அல்லது தென்கிழக்கைப் பார்க்கட்டும். காலை ஏழு மணி வெயில் உள்ளே விழ வேண்டும். மலையில் பறவைக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. மேற்கும் தென்மேற்கும் பலகையாலோ சுவராலோ முழுக்க அடைபட்டிருக்க வேண்டும். கோத்தகிரி, கொடைக்கானல் ஆட்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வடகிழக்கு மழை அந்தக் கிழக்கு முகத்திலேயே வந்து அடிக்கும். சுருட்டி இறக்கும் தார்பாய் ஒன்றை அந்தப் பக்கம் தொங்கவிடுங்கள். மாலை இறக்கி, காலை ஏற்ற வேண்டும். இறக்கும்போதும் மேலே அரை அடி இடைவெளி இருக்கட்டும். குளிருக்குப் பயந்து நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் மூடிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. எச்சத்தின் நெடியும் மூச்சின் ஈரமும் உள்ளேயே சுற்றி, பூஞ்சை பறவையின் நுரையீரலுக்குள் போய்விடும். வறண்ட குளிரைப் பின்ச் ஓரளவு தாங்கும். ஈரக் குளிரைத் தாங்காது.

தகரக் கூரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பனி விழுந்த இரவு முடிந்து வெயில் ஏறும்போது கூரையின் அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். விரல் நனையும். பறவை விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தில் முத்து முத்தாகக் கோத்து நிற்கும். வெயில் பட்டதும் அதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து சொட்டத் தொடங்கும். கூடுகளைக் கூரைக்கு நெருக்கமாகக் கட்டியிருந்தால் நேராக அவற்றின் மேல்தான் விழும். வெளியே ஒரு சொட்டு மழை இல்லாமலேயே கூடு நனைந்து கிடப்பதன் மர்மம் இதுதான். தகரத்துக்கு ஓரடி கீழே பிளைவுட் பலகையைச் சாய்வாக அடித்துவிட்டால் தீர்ந்தது.

உட்காரும் கம்புகள் கொய்யாக் கிளையாக, சுண்டுவிரல் தடிமனில், சற்றே மேடுபள்ளமாக இருக்கட்டும். இரண்டு முனையும் ஆடாமல் இறுக்கியிருக்க வேண்டும். ஆடும் கம்பில் இணைசேர்வது சரியாக நடக்காது, கூமுட்டைதான் வரும். கதவு இரட்டைக் கதவாக இருந்தால் நல்லது. மலையில் தப்பித்த பின்ச் அன்றிரவைத் தாண்டுவது கடினம்.

குரங்கும் காட்டுமாடும் வரும் பகுதியென்றால் மூங்கில் சட்டம் போதாது, இரும்புக் கோணச் சட்டம் போடுங்கள். மரநாயும் பூனையும் ராத்திரி வலையில் தொற்றினால் பறவைகள் இருட்டில் சிதறிக் கூட்டைவிட்டு வெளியேறிவிடும். திரும்பும் வழி தெரியாமல் விடியும்வரை வெளியிலேயே இருக்கும், அதற்குள் குஞ்சு விறைத்துவிடும். இதற்காகத்தான் ஒரு சிறிய ஜீரோ வாட் பல்பு ராத்திரி முழுக்க எரிய வேண்டும் என்கிறோம். தானியத் தகரத்தை வீட்டுக்குள் வையுங்கள். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி வரும் வீடுகளுக்கு இது மிக மிக முக்கியம்.

சூடும் வெளிச்சமும்

கூண்டுக்குள் ஒரு தெர்மாமீட்டரும் ஈரமானியும் மாட்டுங்கள். இரண்டும் சேர்ந்த சிறு டிஜிட்டல் கருவி கிடைக்கிறது. கூடுகள் இருக்கும் உயரத்தில் மாட்ட வேண்டும், தரையில் அல்ல. முட்டையோ குஞ்சோ இருக்கும் இரவுகளில் 15 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. ஈரப்பதம் 50 முதல் 65 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது.

சூட்டுக்கு ஏற்றது வெளிச்சம் தராத செராமிக் சூட்டு பல்பு. அடைத்த மூலையில் 60 முதல் 100 வாட் வரை ஒன்று போதும். அதைச் சுற்றி வலைக்கூடு போட்டால்தான் பறவை சுட்டுக்கொள்ளாது. பீங்கான் ஹோல்டரில் மாட்டுங்கள், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். கூண்டு முழுவதையும் சூடாக்க முயல வேண்டாம். கூடுகள் இருக்கும் பின்பக்க மூன்றில் ஒரு பங்கு மட்டும் சூடாக இருந்தால் போதும். வேண்டிய பறவை அங்கே போகும், வேண்டாதது விலகும்.

மலை வீடுகளில் குளிருக்குக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைக்கும் பழக்கம் இருக்கிறது. மனிதரையே கொல்லும் புகை அது. பறவையின் நுரையீரல் அதைவிட மென்மையானது, சில நிமிடத்தில் முடிந்துவிடும். கொசுவர்த்தி, அந்துருண்டை, காய்ந்துபோன நான்ஸ்டிக் வாணலியின் புகை எல்லாமே அப்படித்தான். பறவைக்குச் சளி என்று நீலகிரித் தைலத்தைக் கூண்டில் தடவுவதும் வேண்டாம். நமக்கு இதமாக இருக்கும் அந்த நெடி அதன் மூச்சுக்குழாயை எரிக்கும்.

நம் மலைகளில் டிசம்பரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் பன்னிரண்டே முக்கால். மூடுபனி நாட்களில் கூண்டுக்குள் வெளிச்சம் அதைவிடக் குறைவு. குஞ்சுக்கு ஊட்டப் பெற்றோருக்கு நேரம் வேண்டும். ஒரு 9 வாட் எல்இடி பல்பை டைமரில் போட்டு, மொத்த வெளிச்சம் 13 மணி நேரத்துக்கு வரும்படி காலையில் கூட்டுங்கள். ஜனவரி நடுவிலிருந்து வாரத்துக்கு 15 நிமிடமாகக் கூட்டினால் பிப்ரவரி இறுதியில் 13 மணி நேரத்தை நெருங்கிவிடும். மாலையில் கூட்டினால், பல்பு சட்டென அணையும் நொடியில் வெளியே இருந்த பெட்டை கூட்டுக்குத் திரும்ப முடியாமல் போகும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரென்றால் ராத்திரி பல்பைப் பேட்டரியில் இணைத்து வையுங்கள்.

ஜோடி

ஜீப்ராவில் ஆண் பெண் பார்ப்பது எளிது. சேவலுக்குக் கன்னத்தில் ஆரஞ்சு வட்டம், மார்பில் கறுப்பு வரி, விலாவில் புள்ளியிட்ட செம்பழுப்பு, அலகு நல்ல சிவப்பு. பெட்டைக்கு இவை இல்லை, அலகும் வெளிறிய ஆரஞ்சு. முழு வெள்ளை ஜீப்ராவில் அலகின் நிறம் மட்டுமே துணை. பெங்காலீஸில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், பாடுவது சேவல் மட்டுமே. ஒரு பறவையைத் தனிக் கூண்டில் ஒரு நாள் வைத்து, மறுநாள் இன்னொன்றோடு விடுங்கள். சேவலாக இருந்தால் சில நிமிடத்திலேயே தொண்டையை உப்பிக்கொண்டு குதித்துப் பாடும். பாடியதற்குக் காலில் வளையம் போட்டுவிடுங்கள். ஒரு கூட்டில் எட்டு, பத்து முட்டை சேர்ந்தால் நீங்கள் ஜோடி என்று நினைத்தது இரண்டு பெட்டைகள்.

ஜீப்ரா மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும். அதை அனுமதிக்கக் கூடாது. எட்டு ஒன்பது மாதமாவது ஆகட்டும். வயதுக்கு முன் முட்டையிடும் பெட்டைக்குத்தான் முட்டை சிக்கும். ஒரே கூட்டில் பிறந்தவற்றைச் சேர்க்க வேண்டாம், சேவலையும் பெட்டையையும் வேறு வேறு இடத்தில் வாங்குங்கள். தலையில் கொண்டை உள்ள இரண்டு பறவைகளையும் ஜோடி சேர்க்கக் கூடாது. அந்தக் கொண்டை மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும், நான்கில் ஒன்று அப்படிப் போகும்.

தீனி

மளிகைக் கடையில் கிடைக்கும் தினையரிசி, சாமையரிசி உமி நீக்கியவை. பின்ச்சுக்கு உமியோடு உள்ளதுதான் வேண்டும், பறவைத் தீனிக் கடையில் கேட்டு வாங்குங்கள். தினை ஐந்து பங்கு, பனிவரகு இரண்டு, சாமை இரண்டு, கேனரி விதை ஒன்று என்று கலக்கலாம். ஒரு பறவைக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி. கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று ஏமாற வேண்டாம், மேலே கிடப்பது பெரும்பாலும் வெற்று உமி. தினமும் ஊதிவிட்டுப் பாருங்கள்.

தானியம் பழையதா என்று தெரிய இருபது விதையை ஈரத்துணியில் சுற்றிச் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் ஐந்து நாள் வையுங்கள். பதினாறுக்குக் குறைவாக முளைத்தால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மழை மாதத்தில் ஐந்து கிலோவுக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். மூடுபனி தானியத்துக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் பூஞ்சை பிடிக்கும்.

இனப்பெருக்கத்தைத் தூண்டுவது இந்தக் காய்ந்த தானியம் இல்லை. மழைக்குப் பின் வரும் பச்சைக் கதிரைப் பார்த்துக் கூடு கட்டும் பறவை என்றோமே, அந்தப் பருவத்தை நாம்தான் கூண்டுக்குள் கொண்டுவர வேண்டும். வழி, முளைகட்டிய தினை. எட்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, வடிகட்டியில் பரப்பி, ஈரத்துணியால் மூடி, நாளுக்கு மூன்று முறை அலசுங்கள். கோவையில் ஒரே நாளில் முளை எட்டிப் பார்க்கும், ஊட்டியில் இரண்டரை மூன்று நாள் ஆகும். வெள்ளைப் புள்ளியாக முளை தெரிந்ததும் கொடுக்கலாம். முகர்ந்தால் பச்சைப்பயறு முளைத்த வாசம் வர வேண்டும். புளித்த வாசம் வந்தால் மொத்தமும் குப்பைக்கு. குளிரில் முளைக்க நேரமாவதால் இந்தப் புளிப்பு மலையில் அடிக்கடி நேரும், அலசுவதில் சோம்பல் கூடாது.

அடுத்தது முட்டைத் தீனி. ஒரு கோழி முட்டையைக் குறையாமல் 12 நிமிடம் வேகவைத்து, ஓட்டோடு மசித்து, இரண்டு மேசைக்கரண்டி ரஸ்க் தூள் கலந்து உதிரியாகப் பிசறுங்கள். முட்டையிட்டு அடைகாக்கும் பருவத்தில் ஜோடிக்கு ஒரு தேக்கரண்டி, வாரத்தில் மூன்று நாள். குஞ்சு பொரித்த நாளிலிருந்து காலையும் மதியமும் தினமும். நான்கு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் விடாதீர்கள். முன்பின் பழகாத பறவை இதைத் தொடவே தொடாது. ஆகவே கூடு கட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே பழக்க வேண்டும். குஞ்சு பிறந்த பிறகு அறிமுகப்படுத்தினால் காலம் கடந்துவிடும்.

கால்சியத்துக்கு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கடல்நுரை ஓட்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆனால் வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் உடம்பில் சேராது, வெயில் இல்லாமல் டி உண்டாகாது. கண்ணாடிக்கும் பாலிகார்பனேட் தகட்டுக்கும் பின்னால் விழும் வெயில் இதற்குப் பயன்படாது. அந்தப் புறஊதாக் கதிரை அவை தடுத்துவிடும். வாரக்கணக்கில் மூடுபனி நிற்கும் ஊர்களில், டி3 கலந்த பறவைகளுக்கான கால்சிய மருந்தை வாரத்தில் இரண்டு நாள் தண்ணீரில் கொடுங்கள், அளவு பாட்டிலில் உள்ளபடி.

கீரையில் பாலக், கொத்தமல்லி கொடுக்கலாம். மலைத் தோட்டக் காய்கறிக்கு மருந்தடிப்பது அதிகம், தேயிலை ஓரப் புல்லிலும் மருந்து படிந்திருக்கும். ஒரு தட்டில் மண் போட்டுத் தினை விதைத்து நீங்களே வளர்த்த புல்தான் நம்பகமானது. பர்லியார், தாண்டிக்குடிப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்க்கும் வெண்ணெய்ப்பழத்தை, பட்டர் புரூட்டை, ஒரு துண்டும் கொடுக்காதீர்கள். பறவைக்கு அது கொடிய நஞ்சு.

கூடு

சமவெளியில் எல்லோரும் மாட்டும் சிறு மண்கலயம் மலையில் சரிப்படாது. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சில்லென்றிருக்கும். சில்வர் ஓக் பலகையில், அரை இஞ்சுக்குக் குறையாத கனத்தில், உள்ளளவு 13 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் 15 உயரமும் உள்ள பெட்டி செய்யுங்கள். முன்பக்கம் பாதி திறந்த மாதிரியைவிட, 4 சென்டிமீட்டர் வட்டத் துளை உள்ளது சூட்டைக் காக்கும். மேல்மூடி திறக்கும்படி இருக்கட்டும். அடியில் நான்கு மூலையிலும் சிறு துளை.

மூன்று ஜோடிக்கு ஆறு பெட்டி, எல்லாம் ஒரே உயரத்தில். உயரம் மாறினால் மேலே இருக்கும் பெட்டிக்கு எல்லாம் அடித்துக்கொள்ளும். பிப்ரவரி கடைசி வாரம் மாட்டுங்கள். பெட்டிக்குள் மூன்று விரல் உயரத்துக்கு நீங்களே காய்ந்த புல்லைத் திணித்துக் கையால் குழி செய்யுங்கள். மீதியைக் கூண்டில் போட்டால் அவை கட்டிக்கொள்ளும். காய்ந்த அருகம்புல், நான்கு விரல் நீளத்துக்கு வெட்டிய தேங்காய் நார், கழுவிக் காயவைத்த சிறு கோழி இறகு போதும். நூல், தலைமுடி, பஞ்சு, சாக்குப் பிரி எதுவும் வேண்டாம். காலில் சுற்றி இறுகினால் விரல் கறுத்து விழுந்துவிடும்.

முதல் முட்டையைப் பார்த்ததும் கூண்டில் கிடக்கும் மீதிப் புல்லை எல்லாம் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் ஜீப்ரா சேவல் கட்டிக்கொண்டே இருக்கும். முட்டையின் மேல் புல், அதன் மேல் இன்னொரு முட்டை, அதன் மேல் மறுபடி புல் என்று அடுக்கிவிடும். கீழே புதைந்தது அத்தனையும் வீண்.

முட்டையிலிருந்து குஞ்சு

பெட்டை தினமும் காலையில் ஒன்றாக நான்கிலிருந்து ஆறு முட்டை வைக்கும். மூன்றாவது நான்காவது முட்டைக்குப் பிறகே முறையாக அடை உட்காரும். அதுவரை முட்டை குளிர்ந்திருந்தால் பயப்பட வேண்டாம். சேவலும் பெட்டையும் மாறி மாறி உட்காரும். ஜீப்ரா 12 முதல் 14 நாளில் பொரிக்கும், பெங்காலீஸ் 16 வரை எடுக்கும், குளிரில் ஒரிரு நாள் கூடலாம். அடை தொடங்கிய ஏழாம் நாள், பறவை தீனிக்கு இறங்கும் நேரத்தில், இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போல் சிவப்பு நரம்பு தெரிந்தால் கரு இருக்கிறது. மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கூமுட்டை. அதையும் உடனே எடுக்காமல் குஞ்சு பொரியும்வரை விட்டுவிடலாம், குஞ்சுகளுக்கு நடுவே அதுவும் சிறிது சூட்டைப் பிடித்து வைக்கும்.

குஞ்சு பொரித்தபின் நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பாருங்கள். பார்க்க வேண்டியது கழுத்தை. கழுத்தோரத்தில் தோல் கண்ணாடி போல இருக்கும். அதன் உள்ளே இரைப்பையில் விதைகள் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு எல்லாக் குஞ்சுக்கும் இரைப்பை நிறைந்திருந்தால் அன்றிரவு தாண்டும். ஒன்றுக்கு மட்டும் தட்டையாக இருந்தால் அது கடைசியாகப் பொரித்த சிறியது. அதை, ஏறக்குறைய அதே அளவுக் குஞ்சுள்ள வேறு கூட்டுக்கு மாற்றிப் பார்க்கலாம். இதற்காகவே ஒரு ஜோடி பெங்காலீஸைத் துணைக்கு வைத்திருப்பது நல்ல முன்யோசனை.

எட்டாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரைதான் கண்டம். பெற்றோர் இரவில் குஞ்சின் மேல் உட்காருவதைக் குறைக்கும், குஞ்சுக்கோ முள்முள்ளாக இறகுக் குருத்துதான் இருக்கும். இந்த ஐந்து இரவுகளிலும் சூட்டு பல்பைப் பெட்டிக்கு ஓரடி நெருக்கமாகக் கொண்டுவாருங்கள். பெட்டியைத் தொட்டால் கைக்கு வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், சுடக் கூடாது.

குஞ்சைக் கூட்டிலிருந்து வெளியே தள்ளுகிறது என்று பலர் கேட்கிறார்கள். தரையில் கிடக்கும் குஞ்சின் இரைப்பை காலியாக இருந்தால் முட்டைத் தீனி போதவில்லை. நிறைந்திருந்தால் அடிக்கடி கை வைத்தீர்கள், அல்லது வேறு சேவல் கூட்டுக்காகச் சண்டையிட்டது. விறைத்துக் கிடந்தாலும் உடனே எறிந்துவிடாதீர்கள். உள்ளங்கையில் பொத்திப் பத்து நிமிடம் ஊதிச் சூடேற்றினால் பல குஞ்சுகள் வாய் திறக்கும்.

முட்டை சிக்கிய பெட்டை தரையில், கண் பாதி மூடி, இறகை உப்பி, வால் மூச்சுக்கு மூச்சு ஆட உட்கார்ந்திருக்கும். அடிவயிறு புடைத்திருக்கும். அதை உடனே ஒரு சிறு பெட்டிக்கு மாற்றி, 30 டிகிரி சூட்டில், ஈரத்துணி பக்கத்தில் இருக்க, ஒரு சொட்டு கால்சிய மருந்தை அலகோரத்தில் விட்டு அமைதியாக விடுங்கள். பெரும்பாலும் சில மணி நேரத்தில் முட்டை வந்துவிடும். அமுக்கி எடுக்க முயன்றால் முட்டை உள்ளே உடையும், பறவை பிழைக்காது. மூன்று நான்கு மணி நேரத்தில் வரவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். பிழைத்த பெட்டைக்கு அந்த வருடம் இனி கூடு கிடையாது.

எல்லா முட்டையிலும் கரு இருந்தும் பொரியும் முன் இறந்தால் இரவுச் சூட்டையும் ஈரமானியையும் பாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று வறண்டிருக்கும் நாட்களில், காலை பத்து மணிக்கு வெதுவெதுப்பான தண்ணீரைத் தட்டில் வையுங்கள். குளித்த ஈர வயிற்றோடு பறவை அடையில் உட்கார்ந்தால் முட்டையின் உள்தோல் காயாது. மதியம் இரண்டு மணிக்குத் தட்டை எடுத்துவிடுங்கள், நனைந்த இறகோடு மாலைக் குளிரைச் சந்திக்கக் கூடாது. பெற்றோர் ராத்திரியில் கூட்டைவிட்டு விலகி நின்றால் சிவப்புப் பேனாக இருக்கலாம். கம்பின் முனையில் வெள்ளைத் துணியைச் சுற்றி விடியும் முன் பாருங்கள், சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் அதுதான். மருந்தும் அளவும் மருத்துவர் சொல்லட்டும். 12 கிராம் பறவைக்குத் துளி கூடினாலும் ஆபத்து.

பிரிப்பதும் நிறுத்துவதும்

18 முதல் 21 நாளில் குஞ்சுகள் வெளியே வரும். அதற்குப் பிறகும் இரண்டு வாரம் தகப்பன்தான் ஊட்டும், இரவில் அவை அதே பெட்டிக்குத்தான் திரும்ப வேண்டும். முதல் மூன்று மாலைகளில், இருட்டும் முன் எல்லாம் உள்ளே போய்விட்டனவா என்று எண்ணுங்கள். தரையில் ஒண்டியிருப்பதைக் கையால் எடுத்து உள்ளே விடுங்கள். ஜீப்ராக் குஞ்சின் கறுத்த அலகு ஆரஞ்சாக மாறத் தொடங்கி, தானாக விதை உரித்துத் தின்பதைக் கண்ணால் பார்த்தபின், 35 முதல் 40 நாளுக்குள் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். இன்னும் தள்ளிப்போட்டால் அடுத்த முட்டைக்குத் தயாராகும் தகப்பன் குஞ்சுகளின் முதுகு இறகைப் பிடுங்கத் தொடங்கும். மூன்றாவது மாதத்துக்கு முன் சேவலையும் பெட்டையையும் பிரித்துவிடுங்கள்.

முதல் செட்டுக் குஞ்சு வெளியே வந்ததுமே பெட்டை அதே பெட்டியில் மறுபடி முட்டையிடும். அதுதான் இரண்டாவது செட்டு. மூன்றாவதை நிறுத்துவது உங்கள் வேலை, பறவை தானாக நிறுத்தாது. ஜூன் முதல் வாரம், கடைசிக் குஞ்சுகள் பிரிந்தபின் எல்லாப் பெட்டிகளையும் கழற்றி, கொதிநீரில் கழுவி, வெயில் கிடைக்கும் நாளில் காயவைத்து எடுத்து வையுங்கள். முளைகட்டிய தினையையும் முட்டைத் தீனியையும் வாரம் ஒரு நாளாகக் குறைத்து, டைமர் பல்பையும் எடுத்துவிடுங்கள். குளிருக்கு ஒதுங்கட்டும் என்று ஒரே ஒரு கூட்டை விட்டு வைத்தாலும் அதில் முட்டை வந்துவிடும். அதற்குப் பதிலாக, பின்சுவர் மூலையில் குழியில்லாத தட்டையான பலகை ஒன்றைக் கூரைக்கு ஒன்றரை அடி கீழே, சூட்டு பல்புக்குப் பக்கத்தில் அடித்து, மேலேயும் பக்கங்களிலும் மூங்கில் தட்டியால் மறைத்துவிடுங்கள். எல்லாம் வரிசையாக ஒன்றையொன்று ஒட்டி அதில் உட்கார்ந்து மழைக்காலத்தைக் கழிக்கும்.